முதல் தார் எது?

நோன்பு மாதம் வந்தால் உத்தமபாளையத்திலிருந்து, காலேஜில் கூடப் படித்த ஜமாலின் வீட்டுக் கடல்பாசி எனக்கு வந்துவிடும். பால், சீனி, ரோஸ் எசன்ஸ் எல்லாம் போட்டுக் காய்ச்சி, ஆறவைத்துத் துண்டு போட்டது. டப்பாவைத் திறந்தால் ஊருக்கெல்லாம் ரோஜா மணக்கும். எனக்கு மட்டும் காலேஜ் லேப் மணக்கும். கடல்பாசிக்கு நாங்கள் படித்த பெயர் அகார். ஜமாலின் அம்மா சீனி போட்டுக் காய்ச்சினால் அது பலகாரம். அதே சீனியோடு நாலு உப்பையும் சேர்த்து, பாட்டிலில் செடி வளர்க்க நாங்கள் காய்ச்சினால் பி.டெக். பயோடெக்னாலஜி.

இந்த முறை டப்பாவைக் கொண்டுவந்தவள் ஜமாலின் மகள். பிளஸ் டூ எழுதப் போகிறாள். கொடுத்த பிறகும் போகாமல் நின்றாள்.

"மாமா, பயோடெக் எடுக்கலாம்னு இருக்கேன். ஸ்கோப் இருக்கா?"

நான் பிளஸ் டூ முடித்த 2001இல் சின்னமனூர்ப் பக்கம் இந்த 'ஸ்கோப்' புழங்காத இடமில்லை. எழவு வீட்டில்கூட, மாலையைப் போட்டுவிட்டு வந்து உட்கார்ந்ததும் "பய என்ன எடுக்கப் போறான், அதுக்கு ஸ்கோப் எப்பிடி" என்றுதான் ஆரம்பிப்பார்கள். அமெரிக்காவில் கம்ப்யூட்டர்காரர்களை எல்லாம் வீட்டுக்கு அனுப்புகிறார்கள், அடுத்தது பயோடெக்தான் என்று ஒரே பேச்சு. அது என்னவென்று எனக்குத் தெரியாது. தெரியாததில்தான் ஸ்கோப் அதிகம் என்பது என் அன்றைய தத்துவம்.

கவுன்சிலிங்குக்குச் சென்னை போன பஸ்ஸில், வத்தலக்குண்டு தாண்டும்போது அப்பா கேட்டார்.

"ஏலே, இதப் படிச்சா என்னத்தச் செய்வ?"

"திசு வளர்ப்புப்பா. ஒரு வாழைக்கன்னுலருந்து ஆயிரம் கன்னு எடுக்கலாம். பாட்டிலுக்குள்ளயே."

திண்டுக்கல் வரை அப்பா விரல்விட்டு எதையோ எண்ணிக்கொண்டே வந்தார். பிறகு, "அப்ப நம்ம வாழைக்குத்தான்" என்று சொல்லிவிட்டுத் தூங்கிப்போனார். என் எதிர்காலம் அவருடைய குறட்டையில் முடிவானது.

ஊர் திரும்பியதும், "மகன் வாழைக்குப் படிக்கப் போறான்" என்று ஒருவர் விடாமல் சொல்லிவைத்தார். முதல் லீவுக்கு நான் வந்து இறங்கியபோது, புள்ளி விழுந்த இலையும் கருகிய இலையுமாகக் கையில் பிடித்துக்கொண்டு வாசலில் ஆட்கள். எங்களுக்கு அதுவரை நடத்தியிருந்ததோ இன்ஜினியரிங் டிராயிங். கேட்டிருந்தால் அந்த இலைக்கு முன்தோற்றமும் பக்கத்தோற்றமும் வரைந்து கொடுத்திருப்பேன்.

கடைசி வருஷம் வேலை கொடுக்க ஒரே ஒரு கம்பெனிதான் காலேஜுக்கு வந்தது. அது கம்ப்யூட்டர் கம்பெனி. கம்ப்யூட்டருக்குப் பயந்து ஓடிவந்த எங்களை, அது வாசலிலேயே நின்று அள்ளிக்கொண்டு போனது. ஜமாலும் போனான். குழு விவாதத்தில் நான் வாயைத் திறப்பதற்குள் காபி கொடுத்து அனுப்பிவிட்டார்கள்.

"மாப்ள, வாழை ஒன்ன விடாதுடா" என்றான் ஜமால்.

விடவில்லை. ஊருக்குப் பக்கத்திலேயே ஒரு நர்சரியில் வேலை கிடைத்தது. பாட்டிலில் வளர்ந்து வந்த கன்றுகளை நிழல்வலைக்குள் வைத்து, மெல்ல மெல்ல வெயிலுக்குப் பழக்க வேண்டும். படித்த படிப்புக்கே வேலைக்குப் போனவன் எங்கள் வகுப்பில் நான் ஒருவன்தான். கையில் எப்போதும் வாளி இருந்ததால் அந்தப் பெருமை யார் கண்ணிலும் படவில்லை.

அப்பா கண்ணில் பட்டது. பழைய வாழையை எல்லாம் அடியோடு தோண்டிப் போட்டுவிட்டு, தோட்டம் முழுக்க என் கன்றுகளை நட்டார். பக்கத்துத் தோட்டத்துச் செல்லையா சித்தப்பா வரப்பில் நின்று பார்த்தார்.

"கண்ணாடிக்குள்ள பொறந்தது காத்துல நிக்குமாடா? குலை தள்ளலேன்னா ஒங்கப்பன் என்னத்தடா திம்பான்?"

சிரித்துவைத்தேன். ஆனால், காலேஜில் வாங்கிய பட்டம் செல்லுமா செல்லாதா என்பதை இனி அந்தத் தோட்டம்தான் சொல்ல வேண்டும். அதற்கு அரியர் எழுதவும் முடியாது. தினமும் வேலைக்குப் போகிற வழியில், பரீட்சை முடிவு பார்ப்பவன் மாதிரி எட்டிப் பார்த்துவிட்டுப் போனேன்.

ஒருநாள் காலையில் நர்சரிக்குப் போன் வந்தது.

"ஏலே, தோட்டத்துக்கு வா. ஒரு சிக்கலு."

வாளியைப் போட்டுவிட்டு ஓடினேன். போய்ப் பார்த்தால் அப்பா கையில் மஞ்சள் துணியோடு முழித்துக்கொண்டு நிற்கிறார். எங்கள் பக்கம் முதலில் குலை தள்ளும் வாழைக்கு மஞ்சள் துணி கட்டி, அந்தத் தாரை முத்தாலம்மன் கோயிலுக்கு விடுவது வழக்கம். மற்ற மரத்தில் அதற்குப் பிறகுதான் அரிவாள் படும். ஒவ்வொரு வாழையும் அதனதன் வசதிக்குக் குலை தள்ளிய காலத்தில் இதில் ஒரு குழப்பமும் வந்ததில்லை. என் வாழைகளோ சொல்லிவைத்த மாதிரி, கிழக்கு வரிசை முழுக்க ஒரே ராத்திரியில் தள்ளியிருந்தன.

"எதுடா மொதத் தாரு?"

"எல்லாமே ஒண்ணுதாம்ப்பா. ஒரே தாயோட நகலு."

"அப்ப எல்லாத்தயும் ஆத்தாளுக்கே விட்டுரு. சோலி முடிஞ்சுச்சு" என்றார் சித்தப்பா.

"நீ செத்த சும்மா இருடா" என்ற அப்பா என் பக்கம் திரும்பினார். "படிச்சவன் நீ சொல்லுடா."

நாலு வருஷப் படிப்பை நம்பி என்னிடம் கேட்கப்பட்ட முதல் கேள்வி. ஈசானி மூலை மரத்தைக் காட்டினேன். அதில் அறிவியல் ஒன்றும் இல்லை. கைக்குப் பக்கத்தில் நின்றது அதுதான். அப்பா செருப்பைக் கழற்றிவிட்டுத் துணியைக் கட்டினார். சாயங்காலம் சித்தப்பா வீட்டுக்கு வந்து, அப்பா காதில் விழாத மாதிரி கேட்டார்: "அந்தக் கன்னு எனக்கும் கெடைக்குமாடா?"

கேம்பஸ் இன்டர்வியூவில் நான் தேறியது அன்றைக்குத்தான்.

இப்போது கம்பம் ரோட்டில் எந்தப் பக்கம் திரும்பினாலும் அந்த வாழைதான். லாரி வந்து நிற்கிறது, காலையில் ஆரம்பித்தால் மத்தியானத்துக்குள் பாதித் தோட்டம் காலி. அப்பா இருந்தவரை ஈசானி மூலை மரத்துக்கே துணி கட்டிக்கொண்டிருந்தார். அதற்குப் பிறகு மஞ்சள் துணி கட்டிய வாழையை நான் எங்கும் பார்க்கவில்லை. முத்தாலம்மனுக்கு இப்போது தாரைக் கடையில் வாங்குகிறார்கள். எது முதல் என்று தெரியாதபடி கன்று கொடுத்த ஆள் என்ற முறையில், எனக்கு அங்கே முன்வரிசையில் நிற்கக் கொஞ்சம் கூச்சம்.

ஜமால் மகள் இன்னும் பதிலுக்கு நின்றுகொண்டிருந்தாள்.

"ஸ்கோப் இருக்கு தாயி. போகும்போது ஒரு மஞ்சத் துணி மட்டும் கையோட வச்சுக்க."

"எதுக்கு மாமா, லேப்ல தொடைக்கவா?"

ஆமாம் என்று சொல்லிவிட்டு, ஒரு துண்டு கடல்பாசியை எடுத்து வாயில் போட்டுக்கொண்டேன்.