எரிகப்பலும் பத்துக் கட்டிக் கற்பூரமும்

1988 ஜனவரி, ஒரு ஞாயிற்றுக்கிழமை. பழைய கடற்போர்களில் எரிகப்பல் விட்ட கதையை நான் வாய் ஓயாமல் சொன்னதன் விளைவுதான் இந்தப் பயணம். உதவாத கப்பலில் தாரும் வைக்கோலும் அடைத்து, காற்று எதிரி பக்கம் வீசும்போது கொளுத்தி விடுவார்கள். விட்டவர்கள் சின்னப் படகில் தப்பிவிடுவார்கள். எதிரி மாலுமிகளுக்குக் குலை நடுங்குமாம்! "கதைச்சது போதும், செய்து காட்டுங்கோ" என்றாள் மனைவி. விடுவேனா?

நியூசிலாந்தின் ஓக்லாந்தில், வடகரைப் பக்கம் கிளென்ஃபீல்டில் காலை 8.40க்குக் காரை எடுத்தேன். துறைமுகப் பாலம் வழியாகக் கிளென் ஈடனுக்கு 24 கிலோமீட்டர், 35 நிமிடம், பெட்ரோல் மூன்று டொலர். ஊரைத் தாண்டினால் ஒரு பண்ணைக் குளம். மாதிரிக் கப்பல் பைத்தியங்கள் கூடும் இடம், நுழைவு இலவசம்.

தெற்கு ஓக்லாந்தின் விரி என்ற பகுதியில் தளபாடத் தச்சராக இருந்த ஃபிஜித் தமிழர் மாணிக்கம் எனக்கு முன்பே வந்திருந்தார். ஒரு வருடம் இழைத்த பாய்மரக் கப்பலை அன்றுதான் தண்ணீரில் இறக்கிக் கரையோரம் கட்டியிருந்தார். குறை சொல்ல ஓரிடமில்லை. வந்தவர்களெல்லாம் வாய் பிளந்து நின்றார்கள். "எல்லாரும் இப்படிப் பாக்குறாங்களே அண்ணே, பயமா இருக்கு" என்றார்.

எங்கள் இலக்கு, எரிப்பதற்கென்றே எதிர்க்கரையில் நிறுத்தியிருந்த இரண்டு அட்டைக் கப்பல்கள். என் எரிகப்பல் பழப்பெட்டிப் பலகை. தாருக்கு எங்கே போவது? சாமியறையிலிருந்து பத்துக் கட்டிக் கற்பூரம் கொண்டுபோயிருந்தேன். 10.15க்குக் கொளுத்தினேன். குப்பென்று பிடித்தது. ஐயோ, என்ன அழகு! என் கைகள் தாமாகவே சுவாலைக்கு மேலே போய்க் கண்ணில் ஒற்றிக்கொண்டன. மாணிக்கமும் ஒற்றினார். பக்கத்தில் நின்ற வெள்ளைக்காரர்கள் முழித்தார்கள். நல்ல காற்றெல்லாம் இந்தக் கும்பிடுதலிலேயே போய்விட்டது.

தள்ளிவிட்டதுதான் தாமதம், காற்று திரும்பியது. ஓக்லாந்துக் காற்றல்லவா! எரிகப்பல் நேரே மாணிக்கத்தின் கப்பலைப் பார்த்துப் போனது. ஒரு வருட உழைப்பு! சப்பாத்தோடு குளத்தில் பாய்ந்தேன். அந்தக் காலத்து மாலுமிகள் கொக்கி போட்டு இழுத்தார்கள், நான் வெயிலுக்குக் கொண்டுவந்த குடையின் வளைந்த பிடியால் இழுத்துக் கவிழ்த்தேன். தப்பியது. ஆனால் முன்முனையில் ஒரு விரலளவு கருகல். அவர் முகத்தைப் பார்க்கவே வெட்கமாக இருந்தது.

போகிறவர்கள் மாற்றுச் சப்பாத்தும் நீளமான கொக்கித் தடியும் கொண்டுபோங்கள். முதலில் காற்றைப் பாருங்கள், கும்பிடு பிறகு.

புறப்படும்போது, அந்தக் கருகலைத் தேய்த்துத் தருகிறேன் என்று கெஞ்சினேன். மாணிக்கம் அதைத் தடவிப் பார்த்துச் சிரித்தார்.

"வேணாம் அண்ணே. இத்தனை கண்ணு பட்டுச்சே, திருஷ்டிப் பொட்டு வச்சாச்சு. இருக்கட்டும்."