வீடு வாங்கத்தான் போனோம்

அட்டன் டவுனுக்கு வெளியே நாங்கள் முதலில் பார்க்கப் போன வீட்டின் சொந்தக்காரர் கேட்டருகே நின்று என் முகத்தைப் பார்க்கவில்லை, செருப்பைப் பார்த்தார். பிறகு அப்பாவின் செருப்பைப் பார்த்தார். மழை விட்டு கொஞ்ச நேரம்தான் ஆகியிருந்தது, இரண்டிலும் சேறு. "தோட்டத்துல இருந்தா வர்றீங்க?" என்று கேட்டார். "ஆமா, தோட்டத்துல இருந்துதான். வீட்டப் பாக்கலாமா?" என்றேன். வாயைத் திறக்கும்போதே என் குரலில் சண்டை இருந்தது என்று அப்பா பிற்பாடு சொன்னார். இருந்திருக்கும். அந்தப் பார்வைக்குப் பூங்கொத்தா கொடுப்பார்கள்?

நான் டவுன் பாடசாலை ஒன்றில் ஆசிரியை. கல்யாணம் ஏன் ஆகவில்லை என்று கேட்பவர்களுக்கு இன்னொரு நாள் பதில் சொல்கிறேன். அப்பா தேயிலைத் தோட்டத்தில் செடிகளைக் கவ்வாத்து வெட்டி ஓய்ந்தவர், அம்மா கொழுந்து பறித்து முழங்கால் தேய்ந்தவர். மூன்று பேரும் அப்பா பிறந்த அதே லயத்தில்தான், வரிசையாக ஒட்டிக் கட்டிய அறைகளில் ஒன்றில், இருந்தோம். ஒரு பெருமழையில் லயத்துக்குப் பின்னால் இருந்த மண்மேடு சரிந்து எங்கள் அடுப்படிச் சுவர்வரை வந்து நின்றது. கோயில் மண்டபத்தில் தங்க வைத்தார்கள். மழை விட்டதும் திரும்பிப் போகச் சொன்னார்கள். மேட்டில் விழுந்த வெடிப்பை என்ன செய்தார்கள் தெரியுமா? மேலே ஒரு பிளாஸ்டிக் விரிப்பைப் போட்டுக் கல்லை வைத்துவிட்டுப் போனார்கள். அந்த விரிப்பு மலையைப் பிடித்து நிறுத்தும் என்று நம்புகிறவர்கள் அதற்குக் கீழே ஒரு ராத்திரி வந்து படுக்கட்டும். அடுத்த பெருமழைக்கு அப்பாவும் அம்மாவும் அந்தக் கூரையின் கீழ் இருக்கக்கூடாது என்று முடிவு செய்தேன். வங்கியில் கடன் கிடைத்தது. வீடுதான் கிடைக்க வேண்டியிருந்தது.

எங்கள் ஆட்களுக்கு வீடு பார்த்து வாங்கிப் பழக்கமில்லை. லயத்தில் காம்பரா என்று ஓர் அறை கொடுப்பார்கள், போய் இருப்போம். சுவரைத் தட்டிப் பார்த்து, ஈரம் இருக்கிறது, வேறு காட்டுங்கள் என்று யாரும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் என்ன நடந்திருக்கும் என்பதும் எல்லாருக்கும் தெரியும். அதனால் நான் போனில் வீடியோ பார்த்துப் படித்தேன். எங்கோ சமதரையில் இருக்கிற ஓர் ஆள், பழைய வீடு வாங்குமுன் எதையெல்லாம் பார்க்க வேண்டும் என்று சிரித்துக்கொண்டே சொல்லிக் கொடுத்தார். மலையைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது. இருந்தாலும் டோர்ச் லைட்டும், மரத்தில் இத்துப்போன இடத்தைக் குத்திப் பார்க்க ஒரு ஸ்க்ரூ டிரைவரும், வகுப்பில் பறிமுதல் செய்த ஒரு கோலிக்குண்டும் என் கைப்பையில் ஏறின. தரை சாய்ந்திருக்கிறதா என்று பார்க்கத்தான் கோலிக்குண்டு.

வீடு வெளியிலிருந்து அழகாகவே இருந்தது. சிவப்புப் பெயின்ட் அடித்த தகரக் கூரை, கண்ணாடி ஜன்னல்கள், முன்னால் ரோசாச் செடிகள். வீட்டுக்காரர் கடை வைத்திருந்து வயதானவர், கொழும்பில் மகனோடு போய் இருக்கப் போவதாகச் சொன்னார். உள்ளே போனதும் கோலிக்குண்டைத் தரையில் வைத்தேன். அது ஒரு கணம்கூட யோசிக்கவில்லை. நேராகப் பின்சுவரை நோக்கி ஓடி, அங்கே நின்ற ஒரு பெரிய அலுமாரிக்கு அடியில் போய் மறைந்தது.

"டீச்சர் வெளையாடுறாங்களா?" என்று வீட்டுக்காரர் சிரித்தார்.

"இந்த ஒரு செவத்துக்கு மட்டும் புதுசாப் பெயின்ட் அடிச்சிருக்கீங்களே, ஏன்?"

"அழகுக்குத்தான்."

"அலுமாரிய கொஞ்சம் நகத்திப் பாக்கலாமா?"

"அது எங்க அப்பா காலத்துச் சாமான். அசைக்க ஏலாது." பிறகு குரலைத் தணித்துக்கொண்டு, "லயத்துல இருந்து வர்றவங்களுக்கு இது பங்களா மாதிரிதானே. இதுல நோண்டிப் பாக்க என்ன இருக்கு?" என்றார்.

எனக்குப் பதில் நுனிநாக்கில் இருந்தது. அதற்குள் அப்பா பின்கட்டிலிருந்து வந்தார். கொல்லையைப் பார்த்துவிட்டு வந்திருக்கிறார். முகத்தில் சந்தோஷம். தலையிலிருந்து தொப்பியை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு வீட்டுக்காரர் முன்னால் நின்றார்.

"ஐயா, பின்னால ஒரு மாட்டுக்குப் பட்டி போட்டுக்கலாங்களா?"

வீட்டுக்காரர் யோசித்தார். நிஜமாகவே யோசித்தார்! "மாடு வேணாம். நாத்தம் வரும். அக்கம்பக்கத்துல எனக்குத்தான் கெட்ட பேரு."

"கோழிங்க?"

"கோழி ரெண்டு மூணுன்னா பரவால்ல."

"சரிங்க. தீவாளிக்கு என் தங்கச்சி குடும்பம் வந்து தங்குவாங்க, அதுக்கு ஒண்ணும்..."

"வரட்டும். ஆனா கூட்டம் சேக்காதீங்க. இது மரியாதையான எடம்."

அப்பா ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார். மனதுக்குள் எல்லாவற்றையும் குறித்துக்கொள்கிறார் என்று தெரிந்தது. விற்றுவிட்டுக் கொழும்புக்குப் போகப்போகிற ஒரு மனிதர், தான் இல்லாத வீட்டில் எங்கள் கோழிகள் எத்தனை என்று தீர்மானிக்கிறார். என் அப்பா அதற்கு நன்றி சொல்கிறார்.

அப்பாவை நான் குற்றம் சொல்லவில்லை. லயத்தில் எதற்கும் கேட்க வேண்டும். அடுப்படியை ஒரு தகரம் அளவுக்கு நீட்ட, முன்பக்கத்து இஸ்தோப்புத் திண்ணையை அடைத்துப் பிள்ளைக்குப் படிக்க இடம் செய்ய, ஒரு பாத்தி மரக்கறி போட, எல்லாவற்றுக்கும் காலையில் பெரட்டுக் களத்துக்குப் போய், ஆட்களுக்கு வேலை பிரித்து முடியும்வரை ஓரமாக நின்று, வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கிடம் சொல்லி, அவர் தோட்டத்துத் தொரையிடம் சொல்லி, பதில் வர வேண்டும். நான் படிப்பதற்காக இஸ்தோப்பை அடைக்க அப்பா அப்படித்தான் போய் நின்றார். பதில் வரவே இல்லை. நான் பரீட்சை எழுதி முடித்துவிட்டேன். கேட்டுத்தான் வாழ வேண்டும் என்று ஒருவருடைய எலும்புக்குள் ஏற்றிவிட்டால், அவர் சொந்தமாக வாங்கும் வீட்டிலும் போய்க் கேட்டுக்கொண்டுதான் நிற்பார்.

"அப்பா," என்றேன், "நாம இத வாங்கப் போறோம். வாங்கின பொறகு இவருகிட்ட எதுக்குக் கேக்கணும்?"

"கேட்டு வச்சிக்கிறது நல்லதும்மா. பின்னால பெரச்சன வரக்கூடாதுல்ல."

வீட்டுக்காரர் என்னைப் பார்த்துத் தலையை அசைத்தார். "பெரியவரு மரியாத தெரிஞ்சவரு. படிச்ச புள்ளைங்களுக்குத்தான் அது இல்ல."

நான் கைப்பையைத் தரையில் வைத்தேன். தோளை அலுமாரியில் கொடுத்துத் தள்ளினேன். அவர் கத்தினார். நான் நிறுத்தவில்லை. மகள் தனியாகப் பாரம் தள்ளுவதைப் பார்த்துக்கொண்டு நிற்க அப்பாவால் முடியாது. அதுவும் அவர் எலும்பில் இருக்கிறது. ஓடிவந்து மறுபக்கம் பிடித்தார். அலுமாரி முனகிக்கொண்டே நகர்ந்தது.

சுவரில் தரையிலிருந்து கூரைவரை வெடிப்பு. அதற்குள் பழைய பேப்பரைச் சுருட்டித் திணித்து, மேலே சிமெந்து பூசி, பெயின்ட் அடித்திருந்தார்கள். சிமெந்தும் பிளந்துவிட்டது. என் விரல்கள் உள்ளே போயின. கீழே தரை ஈரமாக இருந்தது. வெளியே போய்ப் பார்த்தால், வீட்டுக்குப் பின்னால் அதே மாதிரி மண்மேடு, அதே மாதிரி கசியும் தண்ணீர், மண் நகர நகர அடியில் வளைந்து மேலே நிமிர்ந்து நிற்கும் மரங்கள். எங்கள் லயத்துக்குப் பின்னால் இருப்பது போலவே. அந்த மேட்டிடமிருந்து தப்பிக்கத்தான் நான் கடன் வாங்கினேன். கடனை இந்த மேட்டிடம் கொண்டுவந்து கொடுப்பதா?

"எங்களுக்கு இந்த வீடு வேணாம்," என்றேன். வீட்டுக்காரர் என்னை விட்டுத் திரும்பிக்கொண்டார். அப்பாவிடம் சொன்னார்: "ஒங்களுக்காகப் பாத்தேன். இனி தோட்டத்து ஆளுங்களுக்கு யாரு டவுன்ல வீடு தருவாங்கன்னு பாருங்க."

அது போய்ச் சேர வேண்டிய இடத்தில் சேர்ந்துவிட்டது. பஸ்ஸில் அப்பா ஜன்னல் பக்கம் திரும்பியே இருந்தார். தலவாக்கலை தாண்டிய பிறகுதான் பேசினார்.

"கொஞ்சம் சிமெந்து பூசினா சரியாயிருக்கும்."

"மலைக்கு யாருப்பா சிமெந்து பூசுறது?"

"வேணாம்னு சொல்றதுக்கு நாம யாரும்மா? ஒருத்தர் வூடு தர்றேங்கிறாரு. அதுவே பெரிசு."

"அவரு தரல. விக்கிறாரு."

அப்பா மறுபடி ஜன்னலைப் பார்த்தார். லயத்துக்கு வந்ததும் நடந்ததையெல்லாம் நான் அம்மாவிடம் கொட்டினேன். அம்மா அரிசி புடைத்துக்கொண்டே, "அந்த ஆளு வூட்ட விக்க வந்தாரா, வாடகைக்கு வுட வந்தாரா?" என்று கேட்டார். அப்பா எழுந்து வெளியே போய்விட்டார். பிறகு பல நாட்கள் என்னோடு தேவைக்கு மேல் பேசவில்லை. லயத்திலும் கதை பரவியது. டீச்சருக்குத் திமிர், வந்த வீட்டையும் கெடுத்துக்கொண்டாள் என்றார்கள். ஆமாம், திமிர்தான். அது இல்லாவிட்டால் நான் அந்த இஸ்தோப்பு ஓரத்தில் மழைச் சாரலில் உட்கார்ந்து படித்து ஆசிரியை ஆகியிருக்க முடியாது.

அதற்குப் பிறகு இன்னும் சில வீடுகள் பார்த்தோம். வீடு விற்கிறவர்கள் எல்லாரும் முதலில் தேத்தண்ணி கொடுத்து உட்கார வைக்கப் பார்ப்பார்கள் என்று கற்றுக்கொண்டேன். நாற்காலி கொடுத்தால் அதில் ஏறி நின்று சீலிங்கைப் பார்த்தேன். ஒரு வீட்டில் ஸ்க்ரூ டிரைவர் கூரை வளையின் மரத்தில் பிடிவரை போய்விட்டது, கறையான் தின்று வெறும் தோல்தான் மிச்சம். வட்டகொடைப் பக்கம் ஒரு வீடு நன்றாக இருந்தது, ஆனால் வீட்டுக்குப் போகும் பாதை பக்கத்து வீட்டுக்காரருடையது. அவர் சிரித்த முகத்தோடு, "இப்போதைக்கு நடக்கலாம்," என்றார். இப்போதைக்கு! நான் அப்படியே திரும்பிவிட்டேன். அப்பா எல்லா இடத்துக்கும் வந்தார். யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. நான் கேட்கவேண்டாம் என்று சொல்லியிருந்தேன். ஆனால் கேட்பதற்கு வாய் வருவதும் அதை அவர் மூடிக்கொள்வதும் எனக்குத் தெரிந்தது. அதைப் பார்க்க எனக்கு வேதனையாகவும் இருந்தது.

மழைக்காலம் நெருங்கி வந்தது. லயத்து மேட்டில் விரிப்பின் ஒரு பக்கம் வெடிப்புக்குள்ளே தொங்க ஆரம்பித்திருந்தது.

அப்போதுதான் றொசல்ல ஸ்டேசனுக்கு மேலே ஒரு பழைய வீட்டைப் பற்றிக் கேள்விப்பட்டோம். ரயில்வேயில் வேலை செய்து ஓய்வு பெற்ற ஒரு சிங்களப் பெரியவரின் வீடு. தமிழ் நன்றாகப் பேசுவார். மனைவி இறந்த பிறகு மகள் வீட்டோடு போய்விடப் போகிறார். நான் ஒன்றையும் கேட்க முன்னரே எல்லா அலுமாரிக் கதவையும் திறந்துவிட்டார், ஏணியையும் கொண்டுவந்து சாத்தினார். கூரையில் துரு இருந்தது, அதை அவரே காட்டினார். தரை சமமாக இருந்தது. சுவர்கள் காய்ந்திருந்தன. பின்னால் மண்மேடு இல்லை, கருங்கல் பாறை. பாறையைச் சுற்றி வாய்க்கால் வெட்டித் தண்ணீரைத் தள்ளி விட்டிருந்தார். நான் அந்தப் பாறையில் கைவைத்து நின்றபோது எனக்கு அழுகை வந்தது. யாருக்கும் காட்டவில்லை.

எல்லாம் பேசி முடிந்து வாசலுக்கு வந்த பிறகு, பெரியவர் தயங்கித் தயங்கி ஒன்று சொன்னார். முன்னறையில் அவருடைய மனைவியின் சாமான்கள் இருக்கின்றன. மகள் வீட்டில் இடமில்லை. அந்த ஒரு அறையை மட்டும் பூட்டிச் சாவியைத் தானே வைத்துக்கொள்கிறேன், வருஷத்துக்கு ஒரு தடவை வந்து இரண்டு நாள் தங்கிவிட்டுப் போகிறேன் என்றார்.

நல்ல மனிதர். முதல் வீட்டுக்காரர் மாதிரி இருந்திருந்தால் எனக்குப் பேச்சு வந்திருக்கும். இவரிடம் வரவில்லை. வானம் கறுத்திருந்தது. விரிப்பு தொங்குவது கண்ணுக்குள் வந்தது. ஒரு அறைதானே, போகட்டும், சரி என்று சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன்.

"ஏலாதுங்க ஐயா," என்றார் அப்பா.

நான் திரும்பிப் பார்த்தேன். தொப்பி தலையிலேயே இருந்தது. அவர் கண்ணைத் தாழ்த்தவில்லை.

"ஒங்க வூட்டம்மாவோட சாமானெல்லாம் பத்திரமா இருக்கும். நீங்க எப்ப நெனச்சாலும் வாங்க, எத்தன நாள் வேணும்னாலும் இருங்க. எங்க வூட்டுக்கு வர்ற மாதிரி வாங்க. ஆனா பூட்டுப் போட்டா ஏலாது."

பெரியவர் தலையசைத்தார். பிறகு உள்ளே போய் முன்னறைச் சாவியைக் கொண்டுவந்து அப்பாவின் கையில் வைத்தார். வீட்டின் உறுதிப் பத்திரம் இன்னும் எழுதியிருக்கவில்லை. அப்பா அதற்குள் எங்கள் வீடு என்று சொல்லிவிட்டிருந்தார்.