பதின்மூன்றாவது வியாசம்

என் வீட்டுக்காரர் வெள்ளத்துரை எழுதிய பன்னிரண்டு வியாசங்களையும் முதலில் படித்தவள் நான்தான். முதல் மூன்றைப் படிக்கும்போது வந்த கொட்டாவியில் தாடையே கழன்றுவிடும் போலிருந்தது. அதை அவரிடமே சொன்னேன். மனசில் போட்டுப் பூட்டிவைக்கிற வழக்கம் எனக்கு எந்தக் காலத்திலும் கிடையாது.

அவர் துறைமுகத்தில் டாலி கிளார்க். கப்பலிலிருந்து மூட்டை இறங்க இறங்க நாலு கோடு இழுத்து, ஐந்தாவதைக் குறுக்கே போட்டு எண்ணுகிற வேலை. இரண்டு பேரும் தெற்கத்திக் கிறிஸ்தவக் குடும்பம், ராயபுரத்தில் குடியிருப்பு. எல்லாம் ஒழுங்காகத்தான் போய்க்கொண்டிருந்தது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்தெட்டில் மனுஷர் திடீரென்று பழைய சபையை விட்டுவிட்டு யூனிடேரியன்களோடு போய்ச் சேர்ந்தார். கடவுள் ஒருவரே, இயேசு பெரிய குரு, ஆனால் கடவுள் அல்ல என்பது அவர்கள் கொள்கை. பழைய சபையிலோ பிதா, குமாரன், பரிசுத்த ஆவி என்ற மூவரும் சேர்ந்து ஒரே கடவுள். தண்டையார்பேட்டையில் ஓர் ஓட்டு வீட்டில் கூடுவார்கள். குழந்தைகளையும் சேர்த்து எண்ணினால் நாற்பது பேர் தேறும்.

“மூணு மூட்டை இறக்கிட்டு சீட்டுல ஒண்ணுன்னு எழுதினா என்னை வீட்டுக்கு அனுப்பிருவாங்க, சுகிர்தம். ஜெபத்துல மட்டும் எப்படி அப்படிச் சொல்றது?” என்றார்.

“கடவுள் என்ன அரிசி மூட்டையா?” என்றேன்.

அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கடைசியில் ஒரே ஒரு நிபந்தனை போட்டேன். “கட்டின பாவத்துக்கு உங்ககூட வருவேன், உக்காருவேன். ஆனா அங்க என் வாயிலிருந்து ஆமென் வராது.” சரி என்றார். நாலு வருஷம் நான் அந்த ஓட்டு வீட்டில் வாயைத் தைத்துக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தேன்.

அந்தச் சபைக்குப் போதகர் இல்லாமல் பல வருஷம் ஆகியிருந்தது. இவர் படிக்கிறேன் என்று முன்வந்தார். சபை மூப்பர் லோகநாதன், ஓய்வு பெற்ற வாத்தியார், கறாரான ஆள். கடல் கடந்து தபாலில் வரும் புத்தகங்களைப் படித்துத் தமிழில் பன்னிரண்டு வியாசம் எழுத வேண்டும். பிறகு ஒரு பரீட்சைப் பிரசங்கம் செய்து, கையை உயர்த்தி ஆசி கூற வேண்டும். அதற்கப்புறம் சபையில் பெயர் உள்ளவர்கள் எழுந்து நின்றால்தான் அவர் போதகர். இப்படி விதி போட்டார்.

பகல் சாப்பாட்டு வேளையில் மூட்டை மேல் உட்கார்ந்து, வீணாய்ப்போன டாலி சீட்டுகளின் பின்பக்கத்தில்தான் இவர் எழுதுவார். பக்கத்தில் சரக்கு மேஸ்திரி கலீலுல்லா. ஒருநாள் இரண்டாவது வியாசத்தைப் படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு அவர் சொன்னாராம்: “இன்னா நைனா, ஆண்டவன் ஒருத்தன்னு எய்திக்கினு கீற? இத்தத்தான நாங்க தெனிக்கும் அஞ்சு வேளை சொல்லிக்கினு கீறோம்! இதுக்கு இன்னாத்துக்குப் பன்னெண்டு நோட்டு?”

நான் வைத வசவில் வியாசங்கள் தேறின. “புஸ்தகத்துல உள்ளதை எதுக்கு எழுதுறீங்க? உங்களுக்குத் தெரிஞ்சதை எழுதுங்க” என்பேன். ஏழாவது வியாசத்தில், நாம் நேசிக்க வேண்டிய பிறன் யார் என்று விளக்க வந்தவர், மூட்டைக் கொக்கி கிழித்த கையோடு வந்த கூலியாளுக்குத் தன் தலைப்பாகையைக் கிழித்துக் கட்டுப்போட்ட கலீலுல்லாவைப் பற்றி எழுதியிருந்தார். படித்துவிட்டு அழுதேன். வெங்காயம் நறுக்கினதாகச் சொல்லிச் சமாளித்தேன்.

ஐம்பத்திரண்டு ஜூன் மாதம் பரீட்சைப் பிரசங்கம். பிரமாதமாகப் பேசினார். லோகநாதன்கூடத் தலையை ஆட்டினார். கடைசியில் இவர் கண்ணை மூடி, இரண்டு கையையும் உயர்த்தி ஆசி கூற ஆரம்பித்தார்.

“பிதா, குமாரன், பரிசுத்த ஆவியாகிய திரியேக தேவனுடைய…”

ஐயோ சாமி! ஐந்து வயசிலிருந்து வாரம் தவறாமல் கேட்ட வார்த்தை. கை மேலே போனதும் நாக்கு தானாக அந்தப் பழைய தடத்தில் ஓடிவிட்டது. எந்த மூன்றை விட்டு வந்தாரோ, அதையே யூனிடேரியன்கள் தலைமேல் கொட்டிவிட்டார். பாதியில் கண்ணைத் திறந்தவருக்கு முகம் செத்துப்போயிற்று.

லோகநாதன் எழுந்தார். “தம்பி, பழைய சபை இன்னும் உங்க வாயிலதான் குடியிருக்கு. டிசம்பர்ல இன்னொரு தடவை வாங்க. அதோட சரி.”

வீட்டுக்கு வந்து பன்னிரண்டு வியாசத்தையும் டிரங்குப் பெட்டியில் போட்டு மூடினார். “எனக்கு இது ஒத்துவராது, சுகிர்தம்” என்றார். எனக்கு உள்ளூர நிம்மதிதான், பொய் சொல்வானேன்? இனி ஞாயிற்றுக்கிழமை பழைய சபையில் வாய் திறந்து பாடலாமே.

அந்த நிம்மதியைக் கெடுத்தவர் என் அப்பா ஆசீர்வாதம். வண்ணாரப்பேட்டையில் அவருக்கு அரிசி மண்டி. நான் போனபோது மரக்காலால் அரிசி அளந்துகொண்டிருந்தார். அளவை நிறுத்திவிட்டுக் கடை முழுக்கக் கேட்கிற மாதிரி சொன்னார்: “ஏட்டி, உன் மாப்பிள்ளைக்கு ஒண்ணுக்கு மேல எண்ணத் தெரியாதுன்னுல்லா நெனச்சேன்! மூணையும் சரியா எண்ணிட்டாராமே!”

கடையில் இருந்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு உச்சி முதல் உள்ளங்கால் வரை எரிந்தது. என் புருஷனை நான் ஆயிரம் சொல்வேன். வேறு எவர் சொன்னாலும், அது பெற்ற அப்பனாகவே இருந்தாலும், பொறுக்க மாட்டேன். பதிலுக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்கத்தான் வாயைத் திறந்தேன். அப்பா மறுபடி மரக்காலைச் சாய்த்து, “லாபம்… ரெண்டு… மூணு…” என்று அளக்க ஆரம்பித்தார். ஒன்று என்று சொல்வதில்லை. முதல் மரக்காலுக்கு லாபம் என்றுதான் சொல்வது. பிறந்ததிலிருந்து கேட்ட சத்தம்தான். அன்றைக்குத்தான் காதில் விழுந்தது.

ஓட்டமாக வீட்டுக்கு வந்து பெட்டியைத் திறந்தேன். “எடுங்க பேனாவை. பதிமூணாவது ஒண்ணு எழுதுங்க.”

“யாரு கேட்டா?”

“நான் கேக்கேன்!”

டிசம்பரில் ஓட்டு வீடு நிறைந்திருந்தது. ஜன்னலுக்கு வெளியே கலீலுல்லா துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றார். இவர் பிரசங்கத்துக்குப் பதில் அந்தப் பதின்மூன்றாவது வியாசத்தை வாசித்தார்.

“அன்றைக்கு என் நாக்கு பிழை செய்தது. ஆனால் அதற்காக வெட்கப்பட மாட்டேன். அந்த வார்த்தையைச் சொல்லித்தான் என் தாய் என் காய்ச்சலுக்குப் பத்துப் போட்டாள். அதைப் பழிக்கிறவனாக நான் இங்கே வரவில்லை. என் மாமனார் அரிசி அளக்கும்போது முதல் மரக்காலை லாபம் என்பார். கடவுள் ஒருவர் என்று நான் சொல்வதும் அந்த மாதிரிதான். மற்றவர்களைத் தோற்கடிக்கிற கணக்கு அல்ல அது. அள்ளுகிறவன் நன்றியோடு தொடங்குகிற சொல்.”

இவர் தாளை மடித்துவைத்துக் கையை உயர்த்தினார். வாய் திறந்தது, சத்தம் வரவில்லை. எனக்குத் தெரிந்துவிட்டது. பழைய வார்த்தை பல் வரைக்கும் வந்து நிற்கிறது. லோகநாதன் நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டார். சொல்லித் தொலையுங்களேன், ராஜா!

இந்தத் தடவை அவர் கண்ணை மூடவில்லை. என்னைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

“அளக்கிறவர் ஒருவரே. அவர் அளக்கும்போது இங்குள்ள எவருடைய பாத்திரமும், வெளியே நிற்கிற எவருடைய பாத்திரமும் குறையாதிருப்பதாக.”

யாருமே இதற்கு முன் கேட்டிராத ஆசி. முடிந்துவிட்டதா, இன்னும் இருக்கிறதா என்று ஒருத்தருக்கும் தெரியவில்லை. ஆளுக்கு ஆள் முகத்தைப் பார்த்துக்கொண்டார்கள். அந்த மௌனம் இன்னும் கொஞ்சம் நீண்டால் என் மனுஷர் உடைந்துபோவார்.

“ஆமென்!” என்றேன்.

ஓடு அதிர்ந்திருக்கும். நாலு வருஷத்து ஆமென் அல்லவா? அதன் பிறகு கூடம் முழுக்க ஆமென் எழுந்தது. ஜன்னலிலிருந்து “ஆமீன்! அப்பிடிப் போடு நைனா!” என்று ஒரு குரல்.

லோகநாதன் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, “சம்மதம் உள்ளவங்க எழுந்து நிக்கலாம்” என்றார். பெஞ்சுகள் கிறீச்சிட எல்லோரும் எழுந்தார்கள். ஒரு தலைகூடக் கீழே இல்லை. அவர் விரல் நீட்டி எண்ணிக்கொண்டே வந்து என்னிடம் நின்றார்.

“நீங்க உக்காருங்கம்மா. உங்க பேரு சபையில இல்லையே.”

“அப்போ எழுதிக்குங்க” என்றேன். “சுகிர்தம் வெள்ளத்துரை. எழுதிட்டு, மறுபடி முதல்லேர்ந்து எண்ணுங்க.”