அத்தை நிறுத்தி வைத்த அரசாங்கம்

எங்கள் அத்தைக்குக் கரப்பான்பூச்சியைத் தவிர வேறு எதைக் கண்டும் பயமில்லை. கரப்பானைப் பார்த்தால் கட்டில் மேல் ஏறி நின்று ஊரைக் கூட்டுவாள். மற்றபடி போலீசு, புயல், என் அப்பா எல்லாம் அவளுக்கு ஒன்றுதான். அப்படிப்பட்டவள் ஒருநாள் டெல்லியிலிருந்து வந்த அதிகாரிகளையே ஆற்றங்கரையில் நிறுத்தி வைத்தாள்.

அப்போது நான் நாலாவது படித்துக்கொண்டிருந்தேன். எண்ணூரில் ஆறு கடலில் சேரும் இடத்துக்குப் பக்கத்தில் எங்கள் குப்பம். அதற்கு முந்தைய மழையில் புயலோடு ஆற்றுத் தண்ணீரும் வீட்டுக்குள் புகுந்து, அப்பாவின் வலைகளையும் என் புத்தகப் பையையும் கொண்டுபோய்விட்டது. எனக்குப் பை போனதுதான் பெரிய துக்கம்.

அதன் பிறகு வனத்துறையிலிருந்து ஒரு மேடம் வந்தார். கரையோரம் அலையாத்திச் செடி வைத்தால், அது வளர்ந்து வெள்ளத்தின் வேகத்தை அடக்கும் என்றார். கன்று கொடுப்பது அரசாங்கம், காவல் காப்பது குப்பம் என்று ஊர்க் கூட்டத்தில் பேசி முடித்தார்கள். முதலில் கொஞ்சம் இடத்தில் வைத்துப் பார்ப்பது, அது பிழைத்தால் எங்கள் தெரு முனை வரைக்கும் வைப்பது என்று ஏற்பாடு. பிழைக்காவிட்டால் அடுத்த மழைக்கும் தட்டுமுட்டுச் சாமானோடு ஓட வேண்டியதுதான்.

காவல் என்றதும் எங்கள் ஆட்களுக்குத் தெரிந்தது ஒரே வழிதான். ஆற்றில் இறால் பிடிக்க எங்களிடம் பாடு உண்டு. பாடு என்றால் முறை. இன்றைக்கு எந்த வீட்டுப் பாடோ அந்த வீட்டார்தான் அந்த இடத்தில் இறங்கலாம். வேறு யாராவது கால் வைத்தால் பஞ்சாயத்து கூடிவிடும். செடிக்கும் அப்படியே பாடு போட்டுவிட்டார்கள். பாடு வந்த வீட்டார் கன்றில் சுற்றிய பிளாஸ்டிக்கை எடுப்பார்கள், மாட்டை விரட்டுவார்கள், சாய்ந்த கன்றை நிமிர்த்தி வைப்பார்கள்.

செடி பிழைத்திருக்கிறதா என்று பார்க்க டெல்லிக்காரர்கள் வந்த அன்று எங்கள் வீட்டுப் பாடு. ஜீப்பிலிருந்து மேடமும் அவரோடு நாலைந்து பேரும் இறங்கினார்கள். குப்பமே கரையில் கூடியிருந்தது. அவர்களில் பெரியவராகத் தெரிந்த ஒருவர் ஷூவோடு கன்றுகளுக்கு நடுவே காலை எடுத்து வைக்கப் போனார். புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு சேற்றில் நின்ற அத்தை குறுக்கே வந்துவிட்டாள்.

“இன்னிக்கு எங்க பாடு. யாரும் எறங்கக் கூடாது.”

அப்பாவுக்கு வேர்த்துக் கொட்டியது. “யக்கா, இன்னா பண்ணிகினுகீற? டெல்லிலேர்ந்து வந்துகீறாங்க. வுடுக்கா.”

“வந்தா இன்னா? பக்கத்து வூட்டுக்காரனே எறங்க மாட்டான். பாடுன்னா பாடுதான்.”

எனக்கு அழுகை வந்துவிட்டது. செடியும் போச்சு, அடுத்த வெள்ளத்தில் என் புதுப் பையும் போச்சு என்று அவள் புடவையைப் பிடித்து இழுத்தேன். அவள் அசையவில்லை. மேடம் அந்தப் பெரியவரிடம் இந்தியில் என்னவோ சொன்னார். அவர் கோபித்துக்கொள்வார் என்று எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க, அவர் குனிந்து ஷூவைக் கழற்றினார். பேண்டை மடித்து விட்டுக்கொண்டார். மேடம் காதோடு சொல்லிக்கொடுக்க, தட்டுத் தடுமாறி, “அக்கா, இறங்கலாமா?” என்று கேட்டார்.

அத்தை கொஞ்ச நேரம் யோசித்தாள். யோசிக்கிற மாதிரி நடித்தாள் என்பது அப்பாவின் கட்சி.

“வாங்க சார். கன்னு மேல கால வெக்காதீங்க. என் பின்னாலயே வாங்க.”

அத்தை முன்னால் போக, அரசாங்கம் வெறுங்காலோடு வரிசையாகப் பின்னால் போனது. கன்றுகள் நன்றாக வேர் பிடித்திருந்தன. தெரு முனை வரைக்கும் செடி வந்தது. இன்று அவை என்னைவிட உயரம். போன புயலில் ஆறு பொங்கியும் தண்ணீர் வாசற்படியோடு நின்றுவிட்டது. அந்த அத்தையின் மருமகள் நான் என்று சொல்லிக்கொள்ள எனக்குக் கொள்ளைப் பெருமை.

அந்த ஆற்றங்கரையில் யார் யாரோ வந்து குழாய் பதித்தார்கள், அனல்மின் நிலையச் சாம்பலைக் கொட்டினார்கள், மதில் எழுப்பினார்கள். இறங்கலாமா என்று எங்களிடம் கேட்ட முதல் ஆள் அந்த டெல்லிப் பெரியவர்தான். அன்று அதெல்லாம் தெரியாத வயது எனக்கு. முன்னால் நடந்த அத்தை முந்தானையால் முகத்தைத் துடைத்துத் துடைத்து விட்டுக்கொண்டு போனாள். சேறு தெறித்திருக்கிறது என்று நினைத்து, நான் ஓடிப்போய் அவளுக்குத் தண்ணீர் கொண்டுவந்தேன்.