இடக்கைக்காரி கேட்ட கிளவ்

பேஸ்பாலில் அவுட்ஃபீல்டர் வேலை என்பது, மட்டையடிப்பவரிடமிருந்து ஆகத் தொலைவில் நின்று, என்றைக்கோ வரும் ஒரு பந்துக்காக நாள் முழுக்க ஏங்குவது. அந்த ஏக்கத்திலும் எனக்கு அநீதி. எறியும் கையை விட்டுவிட்டு மற்றக் கையில்தான் கிளவ், அதாவது பந்து பிடிக்கும் தோலுறை, மாட்ட வேண்டும். நான் இடது கையால் எறிபவள். எங்கள் கல்லூரி வாங்கிய பன்னிரண்டு கிளவும் இடது கையில் மாட்டுபவை! ஓரமாக நிறுத்தப்பட்ட சகோதரிகளே, நீங்களே சொல்லுங்கள்.

பிடித்தும் தோற்றது

காஞ்சிபுரம் பக்கத்தில் ஓரிக்கை மைதானத்தில் ஆட்டம். உயரப் போன பந்தை ஓடிப்போய்ப் பிடித்துவிட்டேன். பிடித்ததுமே எதிரணியில் மூன்றாம் பேஸிலிருந்தவள் ரன் எடுக்க ஹோமுக்குக் கிளம்பினாள். அவளுக்கு முன்னால் பந்து அங்கே போய்ச் சேர்ந்தால்தான் அவளை அவுட்டாக்க முடியும். நான் எறிய வேண்டிய கையில் கிளவ், கிளவுக்குள் பந்து. வியர்வையில் ஒட்டிக்கொண்டதை உருவி எறிவதற்குள் அவள் போய்ச் சேர்ந்து தண்ணீரே குடித்துவிட்டாள். ஹோமில் பந்துக்காகக் காத்திருந்த எங்கள் கேட்சர் தேவி அங்கிருந்தே கத்தினாள்: "இன்னாடி, வளையல் கழட்டறா மாதிரி கழட்டிக்கினு இருக்கே?"

கியூபாக்காரர்

என் போனில் ஒரு வீடியோவில் ஒரு கியூபாக்காரர் இருக்கிறார். என்னைப் போலவே இடக்கை அவுட்ஃபீல்டர். வேலியோரம் பிடித்த பந்தை ஒரே எறியில் ஹோமுக்கு அனுப்புவார். வெளிநாட்டு லீக்கில் ஆடுவதற்காக, அரசாங்க அனுமதி இல்லாமல் தீவை விட்டு வந்தவர். அப்புறம் பல வருஷம் திரும்பிப் போகவே முடியவில்லை. சின்ன வயதில் ஆடிய மண் மைதானத்தைப் பற்றி ஒரு பேட்டியில் கேட்டபோது, தொப்பியைச் சரிசெய்துகொண்டார்.

திருப்புட்குழி பஸ்ஸில் அந்த எறியையே திரும்பத் திரும்பப் பார்ப்பேன். பக்கத்து சீட்டில் தேவி: "அவருக்கு ஊருக்குப் போவணும், உனக்கு ஒரு தபா ஒழுங்கா எறியணும். ரெண்டு பேரும் சேர்ந்து அழுங்க."

பை தைக்கும் அண்ணன்

ஒரு பழைய கிளவைத் தூக்கிக்கொண்டு, பெரிய காஞ்சிபுரத்தில் தோல் பை தைக்கும் அண்ணனிடம் போனேன். பிரித்து வலது கைக்குத் திருப்பித் தைக்கச் சொன்னேன். தன் கையிலேயே மாட்டி, குத்திப் பார்த்து, மோந்தும் பார்த்தார். "பிரிக்கறது ஒண்ணும் பெரிசில்லமா. கட்டைவிரல் அந்தப் பக்கம் போவாது. வெட்டும்போதே உன்ன நெனைக்காம வெட்டிட்டாங்க."

நான்காவது மனு

கல்லூரியில் இது எனக்குக் கடைசி வருஷம், அடுத்த சனிக்கிழமை என் கடைசி ஆட்டம். வலது கையில் கிளவ் மாட்டி, இடது கையால் ஒரே ஓர் எறி. அவ்வளவுதான் என் கோரிக்கை. நான்காவது மனுவோடு பி.டி. சார் அறைக்குப் போனேன். "ஒருத்திக்காக வாங்க முடியாதுன்னா, அந்த ஒருத்திய ஏன் சார் டீம்ல எடுத்தீங்க?" என்றேன். இன்னும் ஆறு பாயிண்ட் கைவசம் இருந்தது.

சார் மனுவை முழுதாகப் படித்தார். அநேகமாக இதுதான் முதல் தடவை. கண்ணாடியைக் கழற்றிவிட்டு, எதிர்வாதமே இல்லாமல் ஒப்புக்கொண்டார்; ஒப்புக்கொள்கிறவரோடு எப்படிச் சண்டை போடுவது?

"நீ சொல்றது நூத்துக்கு நூறு நியாயம்மா. அடுத்த வருஷ லிஸ்ட்ல மொத அயிட்டமே உன் கிளவ்தான். வந்ததும் போன் பண்றேன், ஒரு நாள் வந்து போட்டுப் பாத்துட்டுப் போ."