ஆறு டப்பா கறியும் ஒரு மாலையும்

நேற்று ஞாயிறு முழுக்க அடுப்படியில் நின்று, கோழிக் குழம்பு, கொத்துக்கறி என்று ஆறு டப்பா செய்து ஃப்ரீசரில் அடுக்கினேன். இந்த வாரம் தையல் கடையை மூடிவிட்டு வந்தால் சூடு பண்ணுவது மட்டும்தான் வேலை. மகாராணி மாதிரி தூங்கினேன்.

இன்று காலை கோயிலுக்குப் போன என் வீட்டுக்காரர், சபரிமலைக்கு மாலை போட்டுக்கொண்டு வந்து நிற்கிறார்.

"ஏங்க, நேத்தே ஒரு வார்த்த சொல்லியிருக்கக் கூடாதா?"

"இனிமே ஏங்கன்னு கூப்புடாத, சாமின்னு கூப்புடு. அந்தக் கறிய எல்லாம் வெளிய அனுப்பிட்டு ஃப்ரிட்ஜ கழுவு."

நேற்று கொத்துக்கறியை மூன்று தடவை ருசி பார்த்ததும் இதே சாமிதான்.

ஆறு டப்பாவையும் பக்கத்து வீட்டு பர்வீனிடம் கொடுத்தேன். "அண்ணன் வருஷா வருஷம் மாலை போடட்டும்க்கா" என்று வாயெல்லாம் பல்லாக வாங்கிக்கொண்டாள்.

சரி, சாம்பாராவது செய்து ஃப்ரீசரில் வைக்கலாமா என்று சாமியைக் கேட்டேன்.

"பழசு ஆவாது. தினம் குளிச்சிட்டு புதுசா செய்யணும். நாப்பத்தெட்டு நாளுதான?"

விரதம் இருக்கப்போவது அவராம். நம்பிவிட்டேன்.

இப்போது ஃப்ரீசரில் ஐஸ் கட்டி மட்டும்தான் இருக்கிறது. அதைச் சாமி தலையில் வைப்பதா, என் தலையில் வைப்பதா, நீங்களே சொல்லுங்கள்.