இருபத்தெட்டு மூடி

இருபத்தெட்டு மூடி வைத்த அந்த மாத்திரை டப்பாவைச் சேலத்தில் தேடி வாங்கியவன் நான்தான். இப்போது அதில் அக்கா ஊக்கும் பொத்தானும் போட்டு வைத்திருக்கிறாள். அன்று ஏற்காட்டில் அவள் வீட்டு ஜன்னல் மேடையில் அதை விரித்து, மருந்துப் புட்டியை முழுசாகக் கவிழ்த்து, நாளுக்கு ஒன்றாக மாத்திரைகளை அடைத்தேன். புட்டிக்குள் கிடந்த, ஈரம் உறிஞ்சுகிற சின்னப் பொட்டலத்தைக் குப்பைக்கூடையில் வீசினேன். பாலம் திறந்துவைத்த அமைச்சர் மாதிரி நிமிர்ந்து, "இனி மறக்கவே மறக்காதுங்க மாமா" என்றேன். மாமா, அதாவது அக்காவின் கணவர், சிரித்தார். "பாத்தியா, உன்ற தம்பி படிச்ச படிப்பு வீண்போகல" என்று அக்காவிடம் சொன்னார்.

அந்தப் படிப்பு என்னவென்று சொல்லிவிடுகிறேன். ஓசூர்ப் பக்கம் ஒரு மருந்துக் கம்பெனியில், தண்ணீரில் கரையாத மருந்தைக் கரைய வைப்பது என் பிழைப்பு. சில மருந்துகள் விசேஷ வீட்டுக்குப் போன என்னைப் போல. உள்ளே போய்ச் சும்மா உட்கார்ந்திருந்துவிட்டு வந்துவிடும். அதைப் பாலிமர்த் தூளோடு கலந்து, சூடான குழாய்க்குள் இரண்டு திருகுத் தண்டுகள் சுழலும் எந்திரத்தில் விட்டால், உருகிப் பிசைந்து மறுமுனையில் கண்ணாடிக் கம்பி போல வரும். படிகமாகக் கைகோத்து நின்ற மருந்து பாலிமருக்குள் சிதறி, அப்படியே உறைந்துவிடும். பொடித்து மாத்திரையாக்கினால் சட்டென்று கரையும். ஈரம் பட்டால் மட்டும் சிதறியது மெல்லக் கூடி மறுபடி படிகமாகும். மாத்திரை பார்க்க அப்படியே இருக்கும், கரையாது.

இதற்கு நான் சொல்கிற உதாரணம் மாமாவிடம் திருடியது. அவர் ஏரிக்கரையில் பஞ்சுமிட்டாய் சுற்றி விற்றவர். ஒரே சர்க்கரைதான்; கல்கண்டாக இருந்தால் கன்னத்தில் அடங்கிக் கிடக்கும், உருக்கி இழையாக்கினால் நாக்கில் பட்டதும் காணாமல் போகும். சுற்றிய கையோடு கவரில் போட்டு, மெழுகுவர்த்திச் சுடரில் வாயை ஒட்டிவிடுவார். "பனி மோந்து பாத்துட்டுப் போனாப் போதும் மாப்ள, பத்து நிமிசத்துல கல்லு" என்பார். கம்பெனியில் புதிதாகச் சேர்கிறவர்களிடம் வருடா வருடம் இதைச் சொந்தச் சரக்கு போல அவிழ்த்துவிட்டுக் கைதட்டல் வாங்குவேன்.

மாமாவுக்கு ஈரலில் கட்டி. சேலத்து டாக்டர் எழுதிக்கொடுத்தது இப்படி உருக்கிச் செய்கிற ரக மாத்திரைதான். அதைத்தான் எல்லோரும் நம்பியிருந்தோம். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை மலையேறி, பரீட்சைத் தாள் திருத்துகிறவன் போல மூடி மூடியாகத் திறந்து பார்ப்பேன். ஒருநாள்கூடப் பிசகியிருக்காது.

மார்கழியில் போய்விட்டார். எனக்கு அழுகை வரவில்லை. வந்தவர்களுக்கெல்லாம் நாற்காலி இழுத்துப் போட்டேன். "மச்சினன் நல்லா ஓடியாடி வேலை செய்யறாப்ல" என்று யாரோ சொன்னது காதில் விழுந்தது. இன்னும் நாலு நாற்காலி போட்டேன்.

காரியம் முடிந்து வேலைக்குத் திரும்பிய வாரம், புதியவர்களுக்கு வழக்கமான வகுப்பு. "பனி மோந்து பாத்துட்டுப் போனா" என்று ஆரம்பித்ததும் ஜன்னல் மேடை கண்ணில் வந்து நின்றது. பனி உள்ளே வந்து தலையணையை நனைத்துவிட்டுப் போகிற ஜன்னல். அதன்மேல் நான் அடைத்துவைத்த டப்பா. வாக்கியத்தை முடித்தேன். கைதட்டினார்கள்.

அடுத்த ஞாயிறு மலையேறினேன். அக்கா அவரைக்காய் ஆய்ந்துகொண்டிருந்தாள். முகத்தைப் பார்க்காமல் சொன்னேன்: "மாத்திரை வேலை செய்யாமப் போனது என்னாலதாங்க்கா. புட்டியிலிருந்து எடுத்து அந்த டப்பாவுல போட்டிருக்கக் கூடாது. பனியில கெட்டிருக்கும்."

"அந்த டப்பாவுல மாத்திரை எங்க இருந்துச்சு சாமி?" என்றாள் அக்கா. "நீ பஸ் ஏறின உடனே உன்ற மாமா அத்தனையும் புட்டியிலயே போட்டுருவாரு. குப்பையில கெடக்கற பொட்டலத்தையும் தொடச்சு உள்ள வெச்சு இறுக்கி மூடிருவாரு. 'இதும் பஞ்சுமிட்டாய் மாதிரிதான்னு மாப்ளதான் சொல்லுச்சு, அதுவே மறந்துருச்சு பாரு'ன்னு ஒரே சிரிப்பு. அடிவாரத்துல இருக்கறேன்னு நீ போன் பண்ணுவியில்ல, அப்பத்தான் மிச்சத்த எண்ணி டப்பாவுல வெப்பாரு."

"எங்கிட்டச் சொல்லியிருக்கலாம்ல?"

"'சொல்லிப்போடாத, மாப்ள மொகம் சுருங்கிப்போயிரும்'னு என்ற வாயையும் அடைச்சுட்டாரு. நொம்பக் கஷ்டப்பட்டுத்தான் நானும் சிரிக்காம நிப்பேன்."

மலைப்பாதையின் இருபது வளைவிலும் ஒரு குற்றத்தை மடியில் வைத்துக்கொண்டு வந்திருந்தேன். அது என் கையிலேயே இருந்திருந்தால் அதைக் கட்டிக்கொண்டாவது அழுதிருக்கலாம். அதையும் மனுஷர் முன்கூட்டியே வாங்கி வைத்துவிட்டார். மாத்திரைக்கு ஒன்றும் ஆகவில்லை. தினம் ஒன்று உள்ளே போயிருக்கிறது, கரைய வேண்டியபடி கரைந்திருக்கிறது.

அக்கா முறத்தை இறக்கி வைத்தாள். "அப்ப மருந்து நல்ல மருந்துதானா கண்ணு?"

"நல்ல மருந்துதாங்க்கா."

"அப்பறம் ஏன் கேக்கல?"

எதற்கும் ஒரு கிண்டல் தயாராக வைத்திருக்கிற ஆள் நான். தேடிப் பார்த்தேன்.

"கரையற வரைக்கும்தாங்க்கா எனக்குத் தெரியும்" என்றேன்.